கையில்லை, குரலில்லை, ஒப்பனையில்லை: சஞ்சீவ் குமார் நடித்த விதம்

1978இல் வெளியான ‘திரிசூல்’ படத்தில் இந்தி நடிகர் சஞ்சீவ் குமாருக்கு இரண்டு மகன்கள். ஒருவர் அமிதாப் பச்சன். நிஜத்தில் அப்பாவைவிட நான்கு வயதுதான் இளையவர். இன்னொருவர் சசி கபூர். இவர் பிறந்தது 1938 மார்ச்சில். சஞ்சீவ் குமார் பிறந்தது அதே ஆண்டு ஜூலை 9ஆம் தேதி. அப்பாவைவிட மகன் ஏறக்குறைய நான்கு மாதம் மூத்தவர்! படம் ஓடும்போது இது யாருக்கும் உறுத்துவதில்லை. எட்டு ஆண்டு கழித்து இதே கதையைத் தமிழில் ‘மிஸ்டர் பாரத்’ ஆக எடுத்தபோது, ரஜினிகாந்துக்கு அப்பாவாக அவரைவிட நான்கு வயது இளையவரான சத்யராஜ் நடித்தார். அந்த வேடத்துக்கு அப்படி ஒரு ராசி.

சஞ்சீவ் குமார் என்றதும் பலரும் முதலில் சொல்வது இதைத்தான்: சின்ன வயதிலேயே கிழவனாக நடித்தவர், என்ன வேடம் கொடுத்தாலும் செய்தவர். இரண்டும் உண்மை. ஆனால் ‘எந்த வேடமும் செய்வார்’ என்பதை வைத்து அவருடைய நடிப்பைப் பற்றி அதிகம் புரிந்துகொள்ள முடியாது. இந்தி சினிமாவில் பல வேடம் போட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. இவருடைய சிறந்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று கண்ணில் படும். கதையோ இயக்குநரோ நடிகனுக்கு அத்தியாவசியமான ஏதோ ஒன்றைப் பிடுங்கிக்கொண்ட இடங்களில்தான் அவர் மேலெழுந்திருக்கிறார். ‘கோஷிஷ்’ படத்தில் குரல் இல்லை. ‘ஷோலே’யில் கைகள் இல்லை. ‘அங்கூர்’ இரட்டை வேடம், ஆனால் இருவரையும் பிரித்துக் காட்ட ஒப்பனை இல்லை. எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்த படம் ஒன்றும் இருக்கிறது, ஒன்பது வேடம், ஒன்பது ஒப்பனை. அதில் அவர் அவ்வளவு உயரம் தொடவில்லை.

மேடையில் முதுமை

இயற்பெயர் ஹரிஹர் ஜெதாலால் ஜரிவாலா. சூரத்தைச் சேர்ந்த குஜராத்திக் குடும்பம். பம்பாய்க்கு வந்தபின் முதலில் இப்டா என்று அழைக்கப்பட்ட இந்திய மக்கள் நாடக மன்றத்திலும், பிறகு இந்தியன் நேஷனல் தியேட்டரிலும் நடித்தார். 22 வயதில் ஆர்தர் மில்லரின் ‘ஆல் மை சன்ஸ்’ நாடகத்தில் முதியவர் வேடம். அடுத்த ஆண்டு, ஏ.கே. ஹங்கல் இயக்கிய ‘டம்ரு’வில் ஆறு பிள்ளைகளுக்குத் தகப்பனான அறுபது வயதுக்காரர். ஹங்கல் யாரென்று நினைவில்லாதவர்களுக்கு: ‘ஷோலே’யில் பார்வையற்ற இமாமாக வருபவர். சஞ்சீவ் குமாருக்குக் கிழவன் வேடம் கொடுத்து மேடையேற்றியவரே பின்னால் அந்தப் படத்தின் ராம்கர் கிராமத்தில் அவரோடு நின்றார்.

இளைஞன் கிழவனாக நடிக்கும்போது வழக்கமாக எங்கே சறுக்கும் என்பது நாடகக்காரர்களுக்குத் தெரியும். கை நடுங்கும், முதுகு வளையும், குரல் கிழியும். மூன்றையும் ஒன்றாகப் போட்டால் ‘வயதானவர்’ என்ற பொம்மை கிடைக்கும்; ஆள் கிடைக்கமாட்டார். அறுபது வயதில் பெரும்பாலோர் நடுங்குவதில்லை. அவர்களிடம் மாறியிருப்பது நேரக் கணக்கு. எழுந்திருப்பதற்கு முன் ஒரு கணம் யோசிப்பார்கள். உட்காரும்போது நாற்காலியின் கைப்பிடியைக் கண் பார்ப்பதற்கு முன்பே கை தேடும். கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்கு முன் ஒரு மூச்சு வரும். சஞ்சீவ் குமாரின் முதியவர்களைக் கவனித்தால் குரலை அவர் ஏறக்குறைய தன் சொந்தச் சுருதியிலேயே விட்டிருப்பது தெரியும். நரையும் கண்ணாடியும் ஒப்பனைக்காரர் வேலை. அவர் தன் பங்குக்குச் சேர்த்தது அந்தத் தாமதத்தை. பின்னாளில் பருத்த உடலும் இதற்குக் கைகொடுத்தது.

இந்தப் பயிற்சியோடு சினிமாவுக்கு வந்தவருக்கு முதலில் கிடைத்தவை இதற்குத் தொடர்பே இல்லாத வேலைகள். 1960இல் ‘ஹம் ஹிந்துஸ்தானி’யில் தலைகாட்டினார். 1965இல் ‘நிஷான்’ படத்தில் கதாநாயகன். பிறகு சில ஆண்டுகள் வாள், குதிரை, ராஜா வேடம் என்று இரண்டாம் வரிசைப் படங்கள். 1968இல்தான் தொழில்துறை திரும்பிப் பார்த்தது. ‘ஷிகார்’ படத்தில் போலீஸ் அதிகாரியாக நடித்ததற்குச் சிறந்த துணை நடிகருக்கான ஃபிலிம்பேர் விருது வந்தது. அதே ஆண்டு ‘சங்கர்ஷ்’ படத்தில் திலீப் குமார், பல்ராஜ் சாஹ்னி, வைஜயந்திமாலா நடுவே நின்றும் கரைந்துபோகாமல் தெரிந்தார்.

அந்த மூன்று ஆண்டு இரண்டாம் வரிசை வாழ்க்கையைத் தோல்வி என்று எழுதுவது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் கதாநாயகனுக்கு ‘இமேஜ்’ என்பது மூலதனம். 1969இல் ‘ஆராதனா’ வந்தபின் ராஜேஷ் கன்னா பெயரைச் சொன்னாலே வினியோகஸ்தர்கள் ஏரியா வாங்கினார்கள். அந்த மூலதனம் கையில் உள்ளவர் அப்பா வேடம் போட்டால் அதுவே அவருடைய சந்தையைக் கெடுக்கும். சஞ்சீவ் குமாரிடம் கெடுவதற்கு அப்படியொரு சந்தை இருக்கவில்லை. அதனால் 1972இல் ஒரே ஆண்டில் ‘பரிச்சய்’ படத்தில் ஜெயா பாதுரிக்கு அப்பாவாகவும் ‘கோஷிஷ்’ படத்தில் கணவனாகவும் வரமுடிந்தது. அடுத்த ஆண்டு ‘அனாமிகா’வில் காதலன். 1975இல் ‘ஷோலே’யில் மாமனார். இருவருக்கும் வயது வித்தியாசம் பத்துக்கும் குறைவு. வேறு எந்த முன்னணி நடிகரும் ஒரே நடிகையோடு இந்த நான்கு உறவையும் இவ்வளவு குறுகிய காலத்தில் செய்யத் துணிந்திருக்கமாட்டார்.

குரல் இல்லாமல்

1970இல் ராஜிந்தர் சிங் பேடி எடுத்த ‘தஸ்தக்’ அவருக்கு முதல் தேசிய விருதைக் கொடுத்தது. புதிதாகக் கல்யாணமான ஒரு தம்பதி பம்பாயில் வாடகைக்கு வீடு பிடிக்கிறார்கள். முன்பு அங்கே இருந்தவள் பாட்டுக்காரி. அவளைத் தேடிவரும் ஆண்கள் இரவில் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நாயகி ரெஹானா சுல்தானுக்கும் இசையமைப்பாளர் மதன் மோகனுக்கும் அதே படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. இரண்டாவது தேசிய விருது 1972ஆம் ஆண்டுக்கானது, ‘கோஷிஷ்’ படத்துக்கு. நடுவில் 1971ஆம் ஆண்டின் சிறந்த நடிகர் யாரென்றால் ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காக எம்.ஜி.ஆர்.

‘கோஷிஷ்’ குல்சார் எழுதி இயக்கியது. ஒரு ஜப்பானியப் படத்தின் தூண்டுதலில் பிறந்த கதை. ஹரி, ஆர்த்தி இருவருக்கும் காது கேட்காது, வாய் பேச வராது. இப்படிப்பட்ட வேடத்தில் நடிகர்கள் செய்யும் பிழைகள் மூன்று. முதலாவது, சைகையை அளவுக்கு மீறிப் பெரிதாக்குவது. தினமும் சைகையில் பேசுபவர் அதைச் சுருக்கித்தான் செய்வார், நாம் வார்த்தையை விழுங்குவதைப்போல. இரண்டாவது, இரக்கத்தைக் கேட்டு வாங்கும் முகம். மூன்றாவதைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம்: காதின் அனிச்சைச் செயல். பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தால் காது கேட்பவரின் கண் இமை தானாக அசையும், கழுத்து இம்மியளவு திரும்பும். படப்பிடிப்புத் தளத்தில் எத்தனையோ சத்தம். எதற்கும் அசையாமல் இருப்பது ஒரு வேலை. அசையாமல் இருப்பதற்காக உடலை இறுக்கிக்கொண்டால் அதுவும் கேமராவில் தெரிந்துவிடும்.

சஞ்சீவ் குமார் இந்த மூன்றாவதை எதிர்ப்பக்கத்திலிருந்து பிடித்தார். காதை அடைப்பதைவிடக் கண்ணுக்கு வேலையைக் கூட்டினார். ஹரியின் பார்வை எப்போதும் எதிராளியின் முகத்திலும் உதட்டிலும் கையிலும் மாறிமாறி ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஓடும் கண்ணுக்குச் சத்தத்தைத் தேட நேரமிருக்காது. படத்தில் பலருக்கும் நினைவிருப்பது கிலுகிலுப்பைக் காட்சி. பிறந்த குழந்தைக்காவது காது கேட்குமா என்று ஆட்டிப் பார்க்கிறார்கள். குழந்தை திரும்பவில்லை. இருவரும் பதறிப்போய் மருத்துவரிடம் ஓடுகிறார்கள். கடைசியில் பார்த்தால் அந்தக் கிலுகிலுப்பைக்குள் மணியே இல்லை. சிரிப்பும் அழுகையும் ஒரே புள்ளியில் இருக்கும் எழுத்து இது. சஞ்சீவ் குமார் அதில் அழுத்தம் எதுவும் சேர்க்கவில்லை.

இன்னொரு தொழில்நுட்ப விஷயமும் உண்டு. அக்காலத்து இந்திப் படங்களில் வசனம் பெரும்பாலும் பிறகு டப்பிங்கில் பதிவானது. படப்பிடிப்பில் சரியாக வராத உணர்ச்சியை ஒலிப்பதிவுக் கூடத்தில் குரலால் தேற்றிக்கொள்ள நடிகருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. கரகரப்பும் இழுவையும் கலந்த குரல் கொண்ட சஞ்சீவ் குமாருக்கு அது பெரிய ஆயுதம். ‘கோஷிஷ்’ அந்த இரண்டாவது வாய்ப்பைப் பறித்துவிட்டது. படத்தின் கடைசியில், காது கேட்காத பெண்ணைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று மகன் சொல்லும்போது ஹரிக்கு வரும் கோபம் முழுவதும் கையிலும் தோளிலும் மட்டும் இருந்தாக வேண்டும். இருக்கிறது.

இதே படம் 1977இல் தமிழில் ‘உயர்ந்தவர்கள்’ ஆக வந்தது. கமல்ஹாசனும் சுஜாதாவும் நடித்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நடிப்பு கற்பவர்களுக்கு நல்ல பாடம்.

கைகள் இல்லாமல்

‘கோஷிஷ்’ கைகளால் பேசிய படம். மூன்றே ஆண்டில் அந்தக் கைகளும் போயின. 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த ‘ஷோலே’யில் இவர் நடித்த தாக்கூர் பல்தேவ் சிங் ஒரு சால்வைக்குள் நிற்கும் மனிதர்; தன் கைகளை வெட்டிய கொள்ளைக்காரன் கப்பரைப் பிடிக்க வீரு, ஜெய் என்ற இரு திருடர்களை அழைத்துவரும் முன்னாள் போலீஸ் அதிகாரி. பெங்களூருக்கு அருகே ராமநகரத்தின் பாறைகளுக்கு நடுவே, 70 எம்.எம். அகலத் திரைக்காக எடுக்கப்பட்ட படம். அந்த அகலத்தில் முழு உருவமாக நிற்கும் நடிகருக்குக் கை என்பது பாதி நடிப்பு. தாக்கூருக்கு அது கிடையாது. அதிலும் ஒரு சிக்கல். கைகள் இல்லை என்பது படத்தின் பெரும்பகுதி வரை பார்வையாளருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தபின் யோசித்துப் பார்த்தால் முன்பு பார்த்ததெல்லாம் பொருந்தவும் வேண்டும்.

கைகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு பத்தடி நடந்து பாருங்கள். உடல் இடவலமாக ஆடும், தோள்கள் மேலேறும், சமநிலைக்காகத் தலை முன்னுக்கு வரும். கையைக் கட்டிக்கொண்டு நடிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சஞ்சீவ் குமார் தாக்கூரைக் குறைவாக நடக்க வைத்து அதிகமாக நிற்க வைத்தார். திரும்ப வேண்டிய இடங்களில் இடுப்பிலிருந்து முழு உடலும் ஒன்றாகத் திரும்பும். முதல் தடவை பார்ப்பவர் அதை ஜமீன்தார் மிடுக்கு என்று எடுத்துக்கொள்வார். ஹோலிச் சண்டையில் துப்பாக்கி காலடியில் கிடந்தும் தாக்கூர் குனிந்து எடுக்காமல் நிற்கும்போது, அது கோழைத்தனமா, ஆணவமா என்று வீருவைப்போல நாமும் கோபப்படுகிறோம். பிறகு பழைய கதை விரிகிறது, சால்வை நழுவுகிறது.

படத்தை எழுதிய சலீம் ஜாவேத் இரட்டையரின் எழுத்து இங்கே நடிகருக்குக் கொடுத்த உதவியையும் சொல்லவேண்டும். பழைய கதையில் தாக்கூர் கப்பரைப் பிடிப்பது வெறும் கையால். இது கையல்ல, தூக்குக் கயிறு என்று சொல்லிக்கொண்டே கழுத்தை நெரிக்கிறார். கையை முதலில் ஆயுதமாகக் காட்டிவிட்டுப் பிறகு வெட்டினால்தான் இழப்பின் கனம் தெரியும். கடைசிச் சண்டையில் குர்த்தாவுக்குள் கை மடங்கியிருப்பது சில ஷாட்களில் தெரியத்தான் செய்கிறது. ஐம்பது ஆண்டாக ரசிகர்கள் அதைச் சுட்டிக்காட்டிக் கொண்டிருக்கிறார்கள். படத்துக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

முதலில் எடுத்த முடிவில் ஆணி பதித்த செருப்பால் கப்பரை மிதித்தே கொல்கிறார் தாக்கூர். பழி தீர்ந்தபின் உடைந்து அழுகிறார். அவசரநிலைக் காலத்துத் தணிக்கை, முன்னாள் போலீஸ் அதிகாரி சட்டத்தைக் கையில் எடுப்பதை ஏற்கவில்லை. போலீஸ் வந்து தடுப்பதாக மாற்றி எடுத்தார்கள். இதனால் நடிப்பில் விழுந்த ஓட்டை பெரியது. படம் முழுக்க முகத்தை இறுக்கிவைத்திருந்த மனிதர் கடைசியில் உடைவதற்காகத்தான் இறுக்கியிருந்தார். அந்த உடைவை எடுத்துவிட்டால் இறுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. தாக்கூர் வேடத்தை ‘மரக்கட்டை’ என்று குறைசொல்பவர்கள் பழைய முடிவைப் பார்த்துவிட்டுப் பேசினால் நல்லது.

ஒப்பனை இல்லாமல், ஒப்பனையோடு

ஷேக்ஸ்பியரின் ‘காமெடி ஆஃப் எரர்ஸ்’ நாடகத்தை வைத்து குல்சார் 1982இல் இயக்கிய படம் ‘அங்கூர்’. இரண்டு அசோக்குகள், இரண்டு பகதூர்கள். சஞ்சீவ் குமாரும் தேவன் வர்மாவும் ஆளுக்கு இரட்டை வேடம். இந்திய சினிமாவில் இரட்டை வேடம் என்றால் ஒருவருக்கு மச்சம், இன்னொருவருக்கு மீசை, அல்லது ஒருவர் பட்டிக்காட்டான், மற்றவர் பட்டணத்தான். இங்கே கதையே குழப்பத்தில் நிற்பதால் அந்த வசதி கிடையாது. ஊரிலுள்ள எல்லோருக்கும் இருவரும் ஒன்றாகத் தெரியவேண்டும். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் வந்திருப்பது எந்த அசோக் என்று சட்டென்று பிடிபடவேண்டும்.

உள்ளூர் அசோக் கல்யாணமானவர். மனைவியின் நச்சரிப்பில் சலித்துப்போனவர். அந்தச் சலிப்பு அவர் கதவைத் திறக்கும் விதத்திலேயே இருக்கும். வெளியூர் அசோக் துப்பறியும் நாவல்களைப் படித்துப் படித்துக் கெட்டவர். தன்னிடமுள்ள பணத்தைப் பறிக்க ஒரு கும்பல் சுற்றுகிறது என்று நம்புபவர். யாரோ ஒரு பெண் வந்து ‘வீட்டுக்கு வாங்க’ என்றால் இவர் காணும் பொருள் வேறு. முன்னவர் எரிச்சலில் சத்தம் போடுவார். பின்னவர் பயத்தில் குரலைத் தாழ்த்துவார். இந்த ஒரே ஒரு வேறுபாட்டை வைத்துப் படம் முழுவதையும் ஓட்டியிருக்கிறார். நகைச்சுவையில் நடிகர்கள் செய்யும் பெரிய தவறு, தான் வேடிக்கையாக இருப்பது தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்வது. இந்த அசோக்குக்குக் கும்பல் நிஜம். அவருடைய முகத்தில் சிரிப்பின் சாயலே வராததால்தான் நாம் சிரிக்கிறோம். இரட்டையர் நேருக்கு நேர் சந்திப்பது கடைசியில்தான் என்பதால், கேமராவை ஆணியடித்ததுபோல் நிறுத்தித் திரையில் பாதிப்பாதியாகப் படம்பிடிக்கும் தந்திரமும் அதிகம் தேவைப்படவில்லை.

இதற்கு எதிர்முனையில் இருப்பது ‘நயா தின் நயி ராத்’. ஏ.பி. நாகராஜனின் ‘நவராத்திரி’ 1964இல் சிவாஜி கணேசனின் ஒன்பது வேடங்களோடு வந்தது. தெலுங்கில் நாகேஸ்வர ராவ் செய்தார். 1974இல் இந்திக்குப் போனபோது இயக்கியவர் நம் ஏ. பீம்சிங். திலீப் குமாரை மனதில் வைத்து ஆரம்பித்ததாகவும், அவர்தான் சஞ்சீவ் குமாரைக் கைகாட்டியதாகவும் சொல்வார்கள். படத்தின் தொடக்கத்தில் முன்னுரை பேசும் குரல் திலீப் குமாருடையது.

சிவாஜியா, சஞ்சீவா என்ற சண்டைக்குள் போக எனக்கு விருப்பமில்லை. ஆனால் இரு படங்களும் ஏன் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. ‘நவராத்திரி’ தமிழ் நாடக மேடையிலிருந்தும் கூத்திலிருந்தும் வந்த படம். அங்கே வேடம் கட்டுவது ஒரு சடங்கு. நடிகர் வேடத்துக்குள் ஒளிவதில்லை; ‘பார், இப்போது இவனாக வந்திருக்கிறேன்’ என்று முன்வருகிறார். சிவாஜியும் சாவித்திரியும் கூத்தாடும் பகுதியில் அது உச்சம் தொடுகிறது. பார்வையாளருக்கும் அந்த ஒப்பந்தம் தெரியும். தெருக்கூத்துக்கு இணையாக வடக்கே ஒன்றைத் தேடிப் பொருத்தவேண்டியிருந்த இந்திப் படத்தில் அந்த ஒப்பந்தம் அறுந்துபோனது. மேலும் சஞ்சீவ் குமாரின் இயல்பு வேடத்துக்குப் பின்னால் நிற்பது. ஒட்டுத்தாடியும் சடைமுடியும் தொழுநோயாளியின் புண்களும் முகத்தை மூடும்போது, நுணுக்கமாகக் கண்ணில் செய்வதெல்லாம் ஒப்பனைக்கு அடியில் போய்விடுகிறது. ஒன்பதில் ஒப்பனை குறைந்த வேடங்களே நன்றாக நிற்கின்றன.

சிவாஜியும் சஞ்சீவும் ஒருவரை ஒருவர் நன்கு அறிந்த கலைஞர்கள். 1973இல் வந்த ‘பாரத விலாஸ்’ படத்தின் ‘இந்திய நாடு என் வீடு’ பாட்டில் சஞ்சீவ் குமார் தலைகாட்டுகிறார். ‘புனர்ஜென்மா’ என்ற தெலுங்குக் கதையை 1970இல் தமிழில் ‘எங்கிருந்தோ வந்தாள்’ என்று சிவாஜியும் இந்தியில் ‘கிலோனா’ என்று சஞ்சீவும் ஒரே ஆண்டில் நடித்தார்கள். குல்சாரின் ‘மௌசம்’ படத்தை 1982இல் தமிழில் ‘வசந்தத்தில் ஓர் நாள்’ என்று சிவாஜி நடித்தார். கதைகள் இரு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தன. எல்.வி. பிரசாத், நாகிரெட்டி போன்ற சென்னைத் தயாரிப்பாளர்கள் இந்தியில் குடும்பக் கதை எடுக்கும்போதெல்லாம் இவரைத் தேடினார்கள். ‘கலியுகக் கண்ணன்’ இந்தியில் ‘யஹி ஹை ஜிந்தகி’ ஆனபோது நாயகன் இவர்தான்.

குல்சாரும் ராயும்

குல்சார் இயக்கிய ஆறு படங்களில் நடித்திருக்கிறார்: ‘பரிச்சய்’, ‘கோஷிஷ்’, ‘ஆந்தி’, ‘மௌசம்’, ‘அங்கூர்’, ‘நம்கீன்’. ‘ஆந்தி’யில் அரசியல் தலைவியாகிவிட்ட மனைவியை ஆண்டுகள் கழித்துச் சந்திக்கும் ஓட்டல் மேலாளர். சுசித்ரா சென் முன்னே வர, இவர் ஓரடி பின்னே நின்று விட்டுக்கொடுத்த படம். அதற்குத்தான் சிறந்த நடிகருக்கான ஃபிலிம்பேர் கிடைத்தது. நாயகியின் சாயலில் இந்திரா காந்தி தெரிகிறார் என்று அவசரநிலையில் படத்தைத் தடைசெய்தார்கள். 1977இல் ஆட்சி மாறியபின் மறுபடி வெளிவந்தது. ‘ஆந்தி’க்கு அடுத்த ஆண்டும் அதே ஃபிலிம்பேர் விருது, ரிஷிகேஷ் முகர்ஜியின் ‘அர்ஜுன் பண்டிட்’ படத்துக்கு.

‘நம்கீன்’ படத்தில் இவர் லாரி டிரைவர். மூன்று மகள்களோடு வாழும் வயதான தாயாக வஹீதா ரஹ்மான். அவரும் 1938இல் பிறந்தவர். நான்கு ஆண்டு முன்பு ‘திரிசூல்’ படத்தில் இவருடைய காதலி. இவர் விரும்பியபோது கிழவனாகி, விரும்பியபோது இளைஞனாகத் திரும்பிவந்தார். நடிகைகளுக்கு அப்படித் திரும்பிவரும் வழியை அந்தத் தொழில் திறந்துவைக்கவில்லை. இவருடைய வயதுச் சுதந்திரத்தைக் கொண்டாடும்போது இதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

சத்யஜித் ராய் 1977இல் எடுத்த ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’ பிரேம்சந்தின் கதை. 1856, லக்னோ. ஆங்கிலேயர் அவத் நாட்டை விழுங்கும் வேளையில் இரண்டு பிரபுக்கள் சதுரங்கமே கதியென்று கிடக்கிறார்கள். ஒருவர் இவர், மற்றவர் சயீத் ஜாப்ரி. காய்களை மனைவி ஒளித்துவைத்ததும் கையில் கிடைத்ததையெல்லாம் காயாக்கி ஆடுவார்கள். இங்கே பறிக்கப்பட்டது செயல். இவர் நடித்த மிர்சா சஜ்ஜத் அலி ஏறக்குறைய படம் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார். அழுவதில்லை, போராடுவதில்லை, மாறுவதுமில்லை. குஜராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர் அந்த லக்னோ உருதுவின் நாசூக்கை நாக்கில் ஏற்றி, சாய்மானத் திண்டில் சாய்ந்தபடியே ஒரு வர்க்கத்தின் சோம்பலைக் காட்டினார். ‘ஷோலே’யின் கப்பரான அம்ஜத் கான் இதே படத்தில் நவாப் வாஜித் அலி ஷா.

சறுக்கிய இடங்கள்

150க்கும் மேற்பட்ட படங்கள். எல்லாமே நல்லதாக இருக்க வழியில்லை. ஒரு நாளில் இரண்டு மூன்று ஷிப்ட், ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு படங்கள் என்பதுதான் அந்தக் காலத்துப் பம்பாய் முறை. காலையில் கிழவன், மாலையில் காதலன். எழுத்து பலவீனமாக இருந்தால் அவர் பழக்கத்தில் சாய்ந்துவிடுவார்: ஓரக்கண் பார்வை, பாதியில் நிறுத்தும் சிரிப்பு, வசனத்துக்கு முன் ஒரு பெருமூச்சு. நல்ல படத்தில் பாத்திரத்துக்குள்ளிருந்து வந்த அதே தாமதம் மோசமான படத்தில் வெறும் இழுவையாகிவிடும். 1980க்குப் பிறகு இது அடிக்கடி நேர்ந்தது. ‘செஹ்ரே பே செஹ்ரா’வில் ஜெக்கில், ஹைடு கதை, ஒப்பனை மறுபடி முகத்தை விழுங்கியது.

உடலும் ஒத்துழைக்கவில்லை. இதய நோய் குடும்பத்திலேயே இருந்தது. அமெரிக்காவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்தும் 1985 நவம்பர் 6 அன்று மும்பையில் மாரடைப்பால் இறந்தார். வயது 47.

கிடப்பில் இருந்த படங்கள் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன. கே. ஆசிப்பின் ‘லவ் அண்ட் காட்’ முதலில் குரு தத்தை நாயகனாக வைத்துத் தொடங்கியது. அவர் 1964இல் இறந்ததும் இவரை வைத்து எடுத்தார்கள். 1971இல் ஆசிப் இறந்தார். 1986இல் படம் வெளியானபோது இவரும் இல்லை. 1993இல் வந்த ‘புரொபசர் கி படோசன்’ இன்னும் விசித்திரம். பாதியில் நின்ற படத்தை முடிப்பதற்காக, பேராசிரியர் பாத்திரம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுவதாகக் கதையைத் திருத்தி, குரலை மிமிக்ரிக் கலைஞர் சுதேஷ் போஸ்லேவைக் கொண்டு ஒட்டினார்கள். குரல் அச்சு அசல். ஆனால் எதிரே நிற்பவர்கள் வெற்றிடத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். பதில் சொல்வதற்கு முன் வரவேண்டிய அந்த ஒரு மூச்சு எங்கேயும் வருவதில்லை.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் ‘அங்கூர்’ படத்திலிருந்து ஆரம்பிக்கலாம். சப்டைட்டில் சுமாராக இருந்தாலும் புரியும். அடுத்து ‘கோஷிஷ்’. ‘ஷோலே’யை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள் என்றால் இன்னொரு முறை தாக்கூரின் தோள்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். ‘பதி பத்னி அவுர் வோ’வில் மனைவிக்குப் புற்றுநோய் என்று காரியதரிசிப் பெண்ணிடம் இவர் அளக்கும் காட்சிகள், ஒரு நல்ல நடிகர் சுமாரான நடிகனாக எப்படி நடிப்பது என்பதற்கு உதாரணம். ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’க்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ‘நயா தின் நயி ராத்’தைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது, அதற்கு முந்தைய நாள் ‘நவராத்திரி’யை ஒருமுறை பார்த்துவிட்டால் எந்த வேடம் வடக்கே போய்ச் சேர்ந்தது, எது வழியிலேயே தங்கிவிட்டது என்று ஒவ்வொன்றாகத் தெரியும்.